உமியும் களிமண்ணும் சீமெந்தும்

ஒரு பை சீமெந்தின் பெறுமதியை எமது மக்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 1990களில் வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைவிதிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் சீமெந்தும் இருந்தது. கிணற்றுக்கட்டு வெடித்தால் பூசுவதற்கும் வழியில்லாத காலம் அது. பின்னர் தடை நீங்கியது, யுத்தமும் முடிந்தது, வீட்டுத்திட்டங்கள் வந்தன. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் புதிய வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங்கட்டமாகக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு, குறைந்த தொகைக்கு நகையையும் அடகு வைத்து, அத்திவாரம் முதல் கூரை வரை தாமே நின்று கட்டியவர்கள் எமது வாசகர்களில் பலர்.

அதன் பின்னர் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் நின்ற 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று, மூவாயிரம் ரூபாவைச் சுற்றி விற்கப்பட்டது. சுவர் எழும்பிய வீடுகள் கூரையில்லாமல் நின்றன. அத்திவாரத்தோடு நின்றவையும் உண்டு.

இப்படிப்பட்ட மக்களிடம் போய், "சீமெந்து பூமியைச் சூடாக்குகிறது, அதைக் குறைத்துப் பாவியுங்கள்" என்று யாரேனும் சொன்னால் கோபம் வருவது இயல்பே. இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் இருக்கின்றன. திரும்பியவர்களில் பலர் தகரக் கொட்டிலில் காலத்தைக் கழித்த பின்னரே கல்வீட்டைக் கண்டார்கள். அவர்களுக்கு உபதேசம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் உலகின் பல்கலைக்கழகங்களில் சீமெந்தைப் பற்றி இன்று நடக்கும் ஆய்வுகளை நாம் அறிந்துகொள்ளத்தான் வேண்டும் என்பது எனது கருத்து. அந்த ஆய்வுகள் தேடுகின்ற பொருட்களில் பல எங்கள் வயலிலும் குளத்தடியிலும் கிடப்பவை. அறிந்து வைத்திருந்தால் நாம் பங்காளிகள் ஆகலாம். அறியாமல் இருந்தால் மற்றவர்களின் பரீட்சார்த்தத்துக்கு எங்கள் வீடுகளே களமாகிவிடும்.

சூளையில் நடப்பது என்ன?

சுண்ணாம்புக் காளவாய் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அதற்குள் அடைபட்டிருக்கும் கரியமிலவாயு வெளியேறுகிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ வாயுவாக ஆகாயத்துக்குப் போய்விடும். சீமெந்துத் தொழிற்சாலையிலும் இதுவே நடக்கிறது. அங்கே சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து ஏறக்குறைய 1,450 பாகை வெப்பத்தில் சுட்டு, கிளிங்கர் எனப்படும் கருஞ்சாம்பல் நிற உருண்டைகளை எடுக்கிறார்கள். அதனுடன் சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சாதாரண சீமெந்து. இதில் வெளிவரும் வாயுவில் ஐந்தில் மூன்று பங்கு கல்லிலிருந்தே வருகிறது; மீதி, சூளையை எரிக்கும் நிலக்கரி முதலியவற்றிலிருந்து வருகிறது. ஆகவே எரிபொருளை மாற்றினால் மட்டும் பிரச்சினை தீராது.

50 கிலோ சாதாரண சீமெந்துப் பை ஒன்றுக்கு ஏறக்குறைய 40 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. உலகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 கோடி தொன் சீமெந்தை உற்பத்தி செய்கிறது. மனிதர் வெளியேற்றும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுப் பங்கு இதனால் வருவது.

இந்தக் கணக்கில் வன்னியிலோ வாகரையிலோ இரண்டு அறை வீடு கட்டிய குடும்பத்தின் பங்கு ஒரு துளியும் இல்லை. உலகச் சீமெந்தில் பாதியளவு சீனாவில் மட்டுமே உற்பத்தியாகிறது. எமது நாட்டிலும் மாடிக் கட்டடங்களும் பெருந்தெருக்களுமே பெரும்பங்கை விழுங்குகின்றன. ஆனால் வாயு சேர்ந்து காலநிலை குழம்பும்போது முதலில் அடிபடுபவன் விவசாயி. மாரி பிந்துகிறது, பிந்திய மாரி ஒரேயடியாகக் கொட்டுகிறது. 2024 நவம்பர் மாத வெள்ளத்தில் கிழக்கிலும் வடக்கிலும் விதைத்த வயல்கள் மூழ்கியதை நாம் கண்டோம். குற்றம் எங்களுடையதல்ல, தண்டனை எங்களுடையது. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில் பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் ஒன்றாகவே கேட்கவேண்டும் என்று வற்புறுத்தியதன் பொருள் இதுவே.

ஆய்வாளர் கண்ட வழி

சீமெந்து இல்லாமல் உலகம் இயங்காது. அதனால் சீமெந்துக்குள் இருக்கும் கிளிங்கரைக் குறைப்பது எப்படி என்பதே ஆய்வாளர்களின் முக்கிய கேள்வி. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை கரன் ஸ்கிறிவனர், கியூபாவின் பேராசிரியர் பெர்னாண்டோ மார்ட்டிரேனா ஆகியோரும், சென்னை, டில்லி ஐ.ஐ.டி. நிறுவனங்களின் ஆய்வாளர்களும் சேர்ந்து வளர்த்தெடுத்த ஒரு முறை இன்று பெரிதும் பேசப்படுகிறது. சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த இந்தச் சீமெந்தைச் சுருக்கமாக எல்.சி. 3 என்கிறார்கள்.

இச்சீமெந்தின் 50 கிலோ பையைப் பிரித்துப் பார்த்தால் கிளிங்கர் 25 கிலோ, சுட்ட களிமண் 15 கிலோ, அரைத்த சுண்ணாம்புக்கல் ஏழரை கிலோ, ஜிப்சம் இரண்டரை கிலோ என்றிருக்கும். களிமண்ணைச் சுட 700 முதல் 850 பாகை வெப்பம் போதும். களிமண்ணிலிருந்து கரியமிலவாயுவும் வராது. இதனால் மொத்த வாயு நூற்றுக்கு 30 முதல் 40 வரை குறைகிறது. சுட்ட களிமண், சுண்ணாம்போடும் நீரோடும் சேர்ந்து பசைபோல் இறுகி நுண்துளைகளை அடைத்துக்கொள்கிறது. அதனால் உப்பு உட்புகுவது குறைகிறது. கடற்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீற் வெடிக்கும் கரையோரக் கிராமங்களுக்கு இது சிறிய விடயமல்ல.

கியூபாவில் 2013இல் தொழிற்சாலை அளவில் இதைச் செய்து பார்த்தார்கள். இந்தியா 2023இல் இதற்கென்று தனியான தரநிர்ணயத்தை வெளியிட்டது. ஆகவே இதை ஆய்வுகூடத்துக் கனவென்று ஒதுக்கிவிட முடியாது.

இதில் குறைகளும் உண்டு. எந்தக் களிமண்ணும் இதற்கு உதவாது. கயோலின் என்னும் வெண்களி வகை நூற்றுக்கு 40 அளவிலாவது அதில் இருக்கவேண்டும். குழைக்கும்போது இச்சாந்து கொஞ்சம் இறுக்கமாக நிற்கும். தண்ணீரை அதிகம் ஊற்றி அதை இளக்கப் பார்த்தால் பலம் கெட்டுவிடும்.

பாட்டன்மாரின் சாந்து

இது முற்றிலும் புதிய அறிவா? செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்போடு சேர்த்துக் குழைப்பது இந்தியாவின் பழைய கொத்தனார்களுக்கு நன்கு தெரிந்த வேலை. அந்தத் தூளைச் சுர்க்கி என்பார்கள். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பட்டதே. செங்கல் தூள் என்பது சுட்ட களிமண்தானே! உரோமர் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைச் சேர்த்தார்கள். அப்படிக் கட்டிய பாந்தியன் மண்டபம் ஏறக்குறைய 1,900 ஆண்டுகளாக உரோமாபுரியில் நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டு முதல் அது தேவாலயமாகவும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் பழைய கல்வீடுகளிலும் சுண்ணாம்புச் சாந்தைத்தான் பார்க்கிறோம்.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் போற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்கு மாதக்கணக்கு எடுக்கும். ஆய்வாளர்கள் அந்த அறிவை அளந்து, நிறுத்து, விரைவாக்கியிருக்கிறார்கள். அதை எங்களால் விளங்கிக்கொள்ள முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நெல்லில் இருந்தும் சீமெந்து

நெல் விளையும் ஊர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு தொன் நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 200 கிலோ உமி வரும். அதை எரித்தால் 40 கிலோ அளவில் சாம்பல் மிஞ்சும். சரியான முறையில் எரித்த உமிச்சாம்பலில் பெரும்பகுதி, நூற்றுக்கு 85க்கு மேல், சிலிக்கா. அதை மாவாக அரைத்து, சீமெந்தில் பத்திலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்கு வரை மாற்றீடாகச் சேர்க்கலாம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 பை சீமெந்து போகும் ஒரு வேலையில் 10 பைக்குப் பதிலாக உமிச்சாம்பல் சேர்த்தால் 500 கிலோ சாம்பல் வேண்டும். அது பன்னிரண்டரைத் தொன் நெல்லின் உமி. ஒரு சில விவசாயக் குடும்பங்கள் ஒரு போகத்தில் மில்லுக்குக் கொண்டுபோகும் நெல்லிலேயே அந்த உமி இருக்கிறது. இன்று அதன் பெரும்பகுதி மில்லின் பின்புறத்தில் குவிந்து கிடக்கிறது, அல்லது வீணே எரிகிறது.

ஆனால் "சரியான முறையில்" என்ற சொல்லிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. வெப்பம் 700 பாகை அளவைத் தாண்டிப் போனால் சிலிக்கா பளிங்காக மாறி, சீமெந்தோடு சேரும் குணத்தை இழந்துவிடும். அந்தத் தூசு சுவாசப்பைக்கும் கேடு. வெப்பம் போதாவிட்டால் கரி மிஞ்சிச் சாம்பல் கறுத்துவிடும். வெளியில் குவித்து எரித்த உமியில் இந்த இரண்டு குறைகளும் சேர்ந்தே இருக்கும். ஆகவே அடுப்புச் சாம்பலையோ மில்லடிச் சாம்பலையோ அள்ளிவந்து வளைக்கும் தூணுக்கும் போடும் கொங்கிறீற்றில் எவரும் கலந்துவிட வேண்டாம். அது சிக்கனமல்ல, ஆபத்து. எமக்கு வேண்டியது, கூட்டுறவுச் சங்கமோ மில்காரரோ நடத்தக்கூடிய, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சூளையும், அதன் சாம்பலைப் பரிசோதித்துச் சான்று கொடுக்கும் ஒரு பல்கலைக்கழகமும் ஆகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில், நெல்வயல்களின் நடுவில் இருக்கிறது. இந்தக் கேள்வியை அங்கே கொண்டுபோவதற்கு நாம் கொழும்புக்குப் பயணம் செய்யத் தேவையில்லை.

நிலத்தின் கல், நிலத்தின் நீர்

வலிகாமத்து மக்களுக்கு இந்த விடயம் வேறொரு வகையிலும் நெஞ்சோடு ஒட்டியது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது; 1990இல் யுத்தத்தால் நின்றது. அது பலருக்குத் தொழில் கொடுத்தது என்பது உண்மை. அந்த ஆண்டிலேயே அதைச் சூழவிருந்த ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள் என்பதும் உண்மை. வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண்ணை விட்டு அவர்கள் பல பத்தாண்டுகள் வெளியில் இருந்தார்கள். கல் அகழ்ந்த பெருங்குழிகள் இன்றும் அங்கே கிடக்கின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. மழைநீரைத் தாங்கி வைத்திருப்பது நிலத்துக்கடியில் உள்ள அதே சுண்ணாம்புக்கல்தான். கல்லைத் தோண்டுவது தண்ணீர்த் தொட்டியைத் தோண்டுவதற்குச் சமம். கரையோரத்தில் ஆழமாகத் தோண்டினால் உவர்நீர் உள்ளே வரும்.

இங்கே புதிய சீமெந்தின் கணக்கைக் கவனியுங்கள். ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறக்குறைய ஒன்றரைத் தொன் சுண்ணாம்புக்கல் வேண்டும். ஆகவே ஒரு தொன் சாதாரண சீமெந்துக்கு 1,400 கிலோ அளவில் கல் தேவைப்படுகிறது. கிளிங்கரைப் பாதியாக்கிய சீமெந்துக்கு, சுடாமல் சேர்க்கும் கல்லையும் கூட்டினால் 900 கிலோ போதும். மூன்றிலொரு பங்கு கல் நிலத்திலேயே தங்கும். வாயுவைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் கிணற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் அல்லவா?

அதே நேரத்தில் மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். கல்லைக் குறைத்துக் களிமண்ணைக் கூட்டினால் களிமண் குழிகள் பெருகும். காங்கேசன்துறைத் தொழிற்சாலைக்கு மன்னார் முருங்கனிலிருந்து களிமண் போன கதை பெரியவர்களுக்குத் தெரியும். எந்த ஊரில் தோண்டுவது, எவ்வளவு தோண்டுவது, குழியை யார் மூடுவது, வயல் நிலத்தைத் தொடாமல் விடுவார்களா என்ற கேள்விகளுக்கு முதலிலேயே பதில் வேண்டும். பசுமையான சீமெந்து என்ற பெயரில் இன்னொரு விவசாயக் குடும்பம் இடம்பெயர நேர்ந்தால் அதில் பசுமை ஒன்றுமில்லை.

எமது நிபந்தனைகள்

2015, 2016ஆம் ஆண்டுகளில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் முன்வைக்கப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. கல்வீட்டிலும் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விலையில், எங்கள் வெயிலுக்கும் வாழ்க்கைக்கும் ஒவ்வாத வீட்டை வெளியிலிருந்து கொண்டுவந்து பொருத்துவதென்று தீர்மானித்தவர்கள், அதில் குடியிருக்கப் போகிறவர்களிடம் கேட்கவில்லை. மக்கள் கேள்வி எழுப்பினார்கள். பொறியியலாளர்களும் பொருளியலாளர்களும் கூடக் குரல் கொடுத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து சில நிபந்தனைகளை முன்வைக்கலாம்.

முதலாவது, புதிய பொருளைக் கொண்டு கட்டும் முதல் கட்டடம் ஏழையின் வீடாக இருக்கக்கூடாது. பிரதேச செயலகம், பாடசாலை, எங்கள் ஆலயத்தின் பங்கு மண்டபம் ஆகியவற்றில் முதலில் பாவித்துக் காட்டட்டும். இதை நான் எமது திருச்சபைக்கும் சேர்த்தே சொல்கிறேன். நல்ல பொருள் என்றால் நாமே அதன்கீழ் முதலில் உட்காருவோம்.

இரண்டாவது, தரச்சான்று இல்லாத எதையும் வீட்டுத்திட்டத்தில் ஏற்கக்கூடாது. சாதாரண சீமெந்துக்கு எஸ்.எல்.எஸ். 107, கலப்புச் சீமெந்துக்கு எஸ்.எல்.எஸ். 1247 என்று இலங்கையில் தரங்கள் உண்டு. சீமெந்து சிறிதளவு சேர்த்து அமுக்கிச் செய்யும் மண்கல்லுக்கும் தரம் வகுக்கப்பட்டுள்ளது. மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிறவல் மண்ணோடு நூற்றுக்கு 4 பங்கு அளவில் மட்டும் சீமெந்து சேர்த்துச் சுவர்க்கல் வார்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். இவை எல்லாம் நல்லவை. ஆனால் நகரத்தவருக்குக் கொங்கிறீற், இடம்பெயர்ந்தவருக்கு மண் என்று பிரித்தால் அந்த மண்கல் எத்தனை உறுதியாக இருந்தாலும் அவமானமாகவே படும்.

மூன்றாவது, அறிவு தமிழில் எங்கள் மேசன்மாரிடம் வரவேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சாந்து குழைப்பவர் கையில் அகப்பை இருக்கிறது. இடையில் பாலம் இல்லாவிட்டால் நல்ல சீமெந்தும் கெட்ட வீடாகும்.

நான்காவது, உமியும் களிமண்ணும் எங்களுடையதென்றால் வருமானத்தில் பங்கும் எங்களுக்கு வேண்டும். இன்று கழிவென்று கிடக்கும் பொருள் நாளை விலைப்படும்போது, அதை வேறொருவர் லொறியில் ஏற்றிப்போக நாம் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

இன்றே செய்யக்கூடியவை

நிபந்தனைகள் நிறைவேறும்வரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. வீடு கட்டுபவர்கள் சில விடயங்களை இப்போதே கவனிக்கலாம்.

கடையில் விற்கும் கலப்புச் சீமெந்தை இரண்டாந்தரம் என்று எண்ணவேண்டாம். நிலக்கரிச் சாம்பல் போன்றவை சேர்ந்த அச்சீமெந்து தொடக்கத்தில் மெதுவாக இறுகினாலும் பின்னர் நல்ல பலம் பெறும். ஆனால் அதற்கு ஈரம் நீண்டநாள் வேண்டும். சாதாரண சீமெந்துக்கு ஏழு நாள் தண்ணீர் விட்டால், இதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் விடுங்கள். தண்ணீர் தட்டுப்பாடான இடங்களில் நனைந்த சாக்கையோ வைக்கோலையோ போட்டு மூடினால் குறைந்த நீரிலேயே ஈரம் நிற்கும். தாங்குபலகையையும் அவசரப்பட்டுக் கழற்றவேண்டாம்.

குழைக்கும்போது தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். சாந்து இளகி ஓடினால் வேலை சுகம். ஆனால் பலம் போய்விடும். அந்தக் குறையை ஈடுசெய்ய இன்னொரு பை சீமெந்தைக் கொட்டுவது காசையும் சேர்த்துக் கரைப்பதாகும். சீமெந்துப் பையை ஈர நிலத்தில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள். கட்டியாகி எறியப்படும் ஒவ்வொரு பையும் வீணாய்ப் போன பணம். வீணாய் வெளியேறிய 40 கிலோ வாயுவும் கூட.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் உவமையாகச் சொன்னதை நாம் அறிவோம். இதுவரை உலகம் கட்டிய கோபுரங்களின் செலவில் ஒரு பகுதி கணக்கில் எழுதப்படவில்லை. அது ஆகாயத்திலும் எங்கள் வயல்களிலும் கிணறுகளிலும் எழுதப்பட்டிருக்கிறது. இனிமேல் கணக்குப் பார்க்க உட்காரும்போது, பல முறை வீடிழந்து பல முறை கட்டிய எமது மக்களும் அந்த மேசையில் இருக்கவேண்டும். உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள்: எங்கள் ஊர் மில்லின் உமி எங்கே போகிறது?